தூண்டிலா, துண்டா, சூடா, நொதியா? மூலிகைச் சேர்மத்தின் இலக்குப் புரதத்தைத் தேட எந்த வழி

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போனவர்கள் கண்வலிக்கிழங்குத் தோட்டங்களைப் பார்த்திருப்பார்கள். நம் செங்காந்தள்தான். அதன் விதை ஏற்றுமதியாவது உள்ளே இருக்கும் கோல்சிசினுக்காக. இந்தக் கோல்சிசின் செல்லுக்குள் போய் எதைப் பிடிக்கிறது என்பது 1967ல் தெரியவந்தது. சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கோல்சிசினில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றிச் செல்லில் விட்டார்கள். பிறகு புரதங்களைப் பிரித்து, கதிரியக்கம் எதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தார்கள். அகப்பட்ட புரதத்துக்கு அடுத்த ஆண்டு டியூபுலின் என்று பெயர் வைத்தார்கள்.

அது எப்படி அவ்வளவு சுலபமாக மாட்டியது? டியூபுலின் செல்லில் கொட்டிக் கிடக்கிறது; கோல்சிசினும் ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது. இந்த இரண்டு அதிர்ஷ்டமும் எல்லாச் சேர்மத்துக்கும் வாய்ப்பதில்லை.

எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சு: "இலையிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்துவிட்டேன், புற்றுச் செல்லைக் கொல்கிறது, எந்தப் புரதத்தில் போய் உட்காருகிறது என்று தெரியவில்லை. கைடு புரோட்டியோமிக்ஸ் பண்ணச் சொல்கிறார். எதைப் பண்ணுவது?" புரோட்டியோமிக்ஸ் என்பது ஒரே சோதனை என்று நினைத்துக் கேட்கிறார்கள். செல்லின் புரதங்களையெல்லாம் டிரிப்சின் போட்டுத் துண்டாக்கி, துண்டுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடைபோட்டு, எது எந்தப் புரதம் என்று கணினி சொல்வது எல்லா வழிக்கும் பொது. அந்தக் கருவிக்குள் போகும் முன் குழாயில் என்ன செய்கிறோம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

டாக்கிங்கை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கணினியில் ஒரு புரதத்தைத் திறந்து வைத்து, நம் சேர்மம் அதில் பொருந்துகிறதா என்று பார்ப்பது, நாமே ஒருவரைச் சந்தேகித்த பிறகு செய்ய வேண்டிய விசாரணை. ஊரில் யார் திருடன் என்று அது சொல்லாது.

## முதலில் கேட்க வேண்டியவை

சேர்மம் பிடித்தால் விடுமா? எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இதுதான். மூலக்கூறு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கார்பனைல் (C=O) தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால், அந்தக் கொக்கியால் அது புரதத்திலுள்ள சிஸ்டீன் அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு சகப்பிணைப்பாகவே, அதாவது எளிதில் பிரியாத வேதிப்பிணைப்பாகவே, இணைந்துவிடக்கூடும். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, வேப்பிலையின் நிம்போலைடு, அமுக்கராவின் விதாஃபெரின் எல்லாம் இந்த ஜாதி. மாறாக மலேரியா மருந்தான கொயினா போன்றவை வரும், உட்காரும், எழுந்து போய்விடும்.

வரைபடத்தில் சந்தேகம் என்றால் ஒரு செல் வளர்ப்புப் பிளேட் செலவில் சோதிக்கலாம். செல்லுக்கு ஒரு மணி நேரம் மட்டும் சேர்மத்தைக் கொடுத்து, மூன்று முறை கழுவி, புது மீடியம் ஊற்றிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். கழுவிய பிறகும் செல் சாகிறது என்றால் பிடி இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிந்த முடிவாகாது, ஆனால் அடுத்த ஆறு மாதத்தை எதில் செலவழிப்பது என்பதற்கு இது போதும்.

கையில் எவ்வளவு இருக்கிறது? மூன்று மில்லிகிராம் வைத்துக்கொண்டு அதில் வேதிவினை செய்ய முடியாது. பக்கத்தில் ஒரு கரிம வேதியியலர் இருக்கிறாரா என்பதும் இதே கேள்வியின் பாதி.

உயிருள்ள செல் தேவையா? உடைத்த செல்சாறில் வேலை சுலபம். ஆனால் பசிபிக் யூ மரத்தின் புற்று மருந்தான டாக்சால் தேடிப் போவது நுண்குழலாகக் கோத்து நிற்கும் டியூபுலினை. ஐஸில் வைத்துச் செல்லை உடைத்தால் நுண்குழல் குளிரில் கலைந்துவிடும்; சேர்மம் உட்கார இடமே இருக்காது. இன்னொரு மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் கதை வேறு. மலேரியா ஒட்டுண்ணிக்குள் இருக்கும் ஹீம் (இரத்தச் சிவப்பில் இரும்பைத் தாங்கும் மூலக்கூறு) அதை முறித்துத் தூண்டிவிட்டால்தான் அது எதையும் பிடிக்கும்.

பட்டியல் வந்த பிறகு காசு மிச்சம் இருக்குமா? எந்த வழியும் ஒற்றைப் புரதத்தைத் தட்டில் வைத்துத் தராது. ஒரு பட்டியல் வரும். அதிலிருந்து இரண்டு மூன்றை எடுத்து, அந்தப் புரதம் இல்லாத செல்லில் சேர்மம் வேலை செய்கிறதா, அந்தச் சிஸ்டீனை மாற்றினால் பிடி விடுகிறதா என்று பார்க்கப் பணமும் நாளும் வேண்டும். என் கணக்கில் மொத்தத் தொகையில் பாதி இதற்கு. கருவிக் கட்டணத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நிற்பவர்கள்தான் அதிகம்.

## வழி 1: தூண்டில்

சேர்மத்தில் சிறு வால் ஒன்றை ஒட்டுகிறோம். பெரும்பாலும் ஆல்கைன், அதாவது முப்பிணைப்பால் இணைந்த இரண்டு கார்பன். உயிருள்ள செல்லுக்குக் கொடுத்து, அது பிடிக்க வேண்டியதைப் பிடித்த பிறகு செல்லை உடைத்து, செம்பு வினையூக்கியின் உதவியால் அந்த வாலில் பயோட்டின் என்ற வைட்டமினைக் கோத்து, பயோட்டினைப் பிடிக்கும் சிறு மணிகளால் இழுத்தெடுக்கிறோம். 2022 வேதியியல் நோபல் பரிசு கிடைத்த 'கிளிக்' வேதியியல் இதுதான்.

சிங்கப்பூரில் 2014ல் ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு இப்படித் தூண்டில் போட்டார்கள். 2015ல் ஆர்ட்டிமிசினினுக்குப் போட்டபோது மலேரியா ஒட்டுண்ணியிலிருந்து 124 புரதங்கள் வந்தன. 2016ல் மஞ்சளின் குர்குமினுக்குப் போட்டபோது குடற்புற்றுச் செல்லிலிருந்து 197 வந்தன.

இந்த இரண்டு எண்களும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பொருள் வேறு. ஆர்ட்டிமிசினின் ஹீம் நிறைந்த இடத்தில் வெடித்துக் கண்டதையும் தாக்குவது என்பதால், நீண்ட பட்டியலே அதன் செயல்முறைக்குச் சாட்சி. குர்குமினோ உடல் வெப்பத்தில், சீரம் இல்லாத நடுநிலைக் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துபோவது. சோதனைக்குச் சோதனை போலி விடை கொடுப்பது. 2017ல் மருந்து வேதியியலர்கள் சிலர் எல்லாத் தரவையும் அலசி, இரட்டை மறைப்பு முறையில் நடந்த எந்த மருத்துவப் பரிசோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்கு 197 என்பது, கூட்டத்தில் எல்லோர் சட்டையையும் பிடித்து இழுப்பவனின் கணக்கு. இது என் கருத்து. மஞ்சள் ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு வால்தான். தவறான இடத்தில் ஒட்டினால் சேர்மம் செத்துவிடும். ஒட்டிய பிறகும் அது செல்லைக் கொல்கிறதா என்று முதலில் காட்ட வேண்டும். இந்த வேதியியலுக்குப் பத்திருபது மில்லிகிராமும் சில மாதங்களும் போகும். யாரும் திட்டத்தில் எழுதாத செலவு அது.

இன்னொன்று, தூண்டில் ஏராளமாக இருப்பதைத்தான் முதலில் இழுக்கும். ஒரு மாணவி, இழுத்தெடுத்த புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் படம் ஒன்றை மகிழ்ச்சியோடு காட்டினார். 130 கிலோடால்டன் பக்கம் ஒரு பட்டை, 75 பக்கம் இன்னொன்று, பளிச்சென்று. "சார், இலக்கு கிடைத்துவிட்டது." பக்கத்துப் பாதையில், சேர்மம் இல்லாமல் அதைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட மாதிரி. அதிலும் அதே இரண்டு பட்டைகள். பைருவேட் கார்பாக்சிலேஸ் போன்ற நொதிகள் இயற்கையிலேயே பயோட்டினோடுதான் இருக்கின்றன. எந்தச் செல்லைப் போட்டாலும் அவை வரும். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பாதையை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

தூண்டில் எப்போது சரி: சேர்மம் விடாப்பிடியாகப் பிடிக்கிறது, வால் ஒட்ட ஆள் இருக்கிறார், உயிருள்ள செல்லில்தான் அது விழித்துக்கொள்கிறது.

## வழி 2: துண்டு போட்ட இடம்

பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரியும். பின்னால் வருகிறவர் துண்டைப் பார்த்து அடுத்த இருக்கைக்குப் போவார். இந்த வழியும் அதுவேதான். சேர்மத்தில் எதையும் ஒட்டுவதில்லை. செல்லுக்கு அதை அப்படியே கொடுத்துவிட்டு, பிறகு எந்தச் சிஸ்டீனையும் பிடிக்கும் பொதுத் தூண்டில் ஒன்றை விடுகிறோம். சேர்மம் ஏற்கெனவே உட்கார்ந்த சிஸ்டீனில் பொதுத் தூண்டிலால் உட்கார முடியாது. எங்கெங்கே குறைவாக உட்கார்ந்திருக்கிறதோ, அங்கெல்லாம் நம் சேர்மம் துண்டு போட்டிருக்கிறது.

இதன் அழகு நிம்போலைடில் தெரிந்தது. 2019ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மார்பகப் புற்றுச் செல்களில் இப்படித் தேடியபோது அது ஆர்.என்.எஃப். 114 என்ற புரதத்தின் 8ஆம் சிஸ்டீனைப் பிடிப்பது தெரிந்தது. மற்ற புரதங்களை அழிவுக்கு அடையாளமிடும் வேலை அந்தப் புரதத்துக்கு. அதில் 8ஆம் சிஸ்டீன் இருக்கும் பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது, நூல்போல ஆடிக்கொண்டிருக்கும். பொருந்தும் பள்ளமே இல்லாத இடத்தை டாக்கிங் எப்படிக் காட்டும்? அதே குழு ஒரு படி மேலே போய், நிம்போலைடின் ஒரு முனையில் வேறொரு புற்றுநோய்ப் புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறை இணைத்து, அந்தப் புரதத்தை அழிக்கவும் செய்து காட்டியது.

அமுக்கரா இன்னும் சுவாரசியம், ஏனென்றால் இரண்டு வழிகளும் அதில் மோதின. 2007ல் விதாஃபெரினில் பயோட்டினை ஒட்டி இழுத்தவர்களுக்குக் கிடைத்தது விமென்டின் என்ற புரதம், அதில் 328ஆம் சிஸ்டீன். 2017ல் துண்டு முறையில் தேடியவர்களுக்குக் கிடைத்தது பி.பி.2ஏ என்ற பாஸ்பட்டேஸ் நொதியின் ஒரு துணை அலகு, 377ஆம் சிஸ்டீன். யார் சரி? இருவருமே சரியாக இருக்கலாம். ஆனால் முதல் தேடல் நடந்தது இரத்தக்குழாய்ச் செல்லில், அங்கே விமென்டின் ஏராளம். தூண்டிலுக்கு அளவு முக்கியம். துண்டு முறை பார்ப்பது விகிதத்தை, எத்தனை சதவீத இருக்கை நிரம்பியது என்பதை. அதனால் அரிதான புரதத்துக்கும் ஓரளவு நியாயம் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு: விட்டுப்போகும் சேர்மத்துக்கு இது ஒன்றுக்கும் உதவாது. சிஸ்டீன் அல்லாத அமினோ அமிலத்தைப் பிடித்தாலும் தப்பிவிடும். செல் நிறைய வளர்க்க வேண்டும். தரவை அலச அனுபவப்பட்ட ஆள் வேண்டும். பொதுவான கருவி மையங்களில் இது எளிதில் கிடைப்பதில்லை.

## வழி 3: சூடு

முட்டையின் வெள்ளைக்கரு ஒரு சூட்டில் உறைவதுபோல ஒவ்வொரு புரதமும் அதனதன் வெப்பநிலையில் உறைந்து வெளியேறும். உள்ளே ஒரு மூலக்கூறு உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். இந்த வித்தியாசத்தை 2013ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் தனித்தனிப் புரதங்களில் காட்டினார்கள். செட்சா என்று பெயர். 2014ல் ஜெர்மனியில் அதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு சேர்த்து ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு ஒரே நேரத்தில் செய்தார்கள்.

விட்டுப்போகும் சேர்மங்களுக்கு என் முதல் தேர்வு இது. வால் வேண்டாம், வேதியியலர் வேண்டாம். சேர்மமும் மிகக் கொஞ்சம்: மூலக்கூறு எடை 400 உள்ள ஒன்றை 20 மைக்ரோமோலாரில் 10 மில்லி கரைசலுக்குப் போட 80 மைக்ரோகிராம்தான் ஆகும். மூன்று மில்லிகிராமோடு தவிக்கிறவருக்கு இது பெரிய விடுதலை.

கொயினா இதற்கு நல்ல உதாரணம். நீலகிரியில் நடுவட்டம் பக்கம் பிரிட்டிஷார் சிங்கோனா வளர்த்தது அதற்காகத்தான். 1820ல் பட்டையிலிருந்து பிரித்த அந்தச் சேர்மம் ஒட்டுண்ணியில் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதற்கு 2019ல் சூடு முறை ஒரு விடை தந்தது: பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்பாரிலேஸ்.

செலவைப் பார்ப்போம். 37 முதல் 67 டிகிரி வரை பத்துக் குழாய், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். சேர்மம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. இரண்டையும் மறுமுறை செய்தால் நாற்பது மாதிரி. பத்துப் பத்தாக டி.எம்.டி. என்னும் எடைக்குறி போட்டு ஒன்றாகக் கலந்தாலும் கருவியில் நான்கு பெரிய ஓட்டங்கள். அந்தக் குறிப்பொருள் மலிவல்ல. 2019ல் வந்த பீசா முறையில் பத்து வெப்பநிலைக் குழாய்களையும் கலந்து ஒரே மாதிரியாக்கிவிடுகிறார்கள். உருகும் வளைகோடு கிடைக்காது, ஆனால் மாதிரிகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிவிடும். முதல் தேடலுக்கு அது போதும் என்பேன்.

எங்கே ஏமாற்றும்? சவ்வில் இருக்கும் புரதங்கள் சரியாகத் தெரியாது. பெரிய புரதத்தில் ஒரு ஓரமாகச் சேர்மம் உட்கார்ந்தால் உறையும் சூடு அசையாமலும் இருக்கலாம். உயிருள்ள செல்லில் செய்தால் சேர்மத்தின் பின்விளைவால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. குறைந்து, அதனால் நகரும் புரதங்களும் பட்டியலில் ஏறிக்கொள்ளும். செல்சாறிலும் ஒருமுறை செய்து, இரண்டிலும் நகர்வதை மட்டும் எடுங்கள். டாக்சால் மாதிரிச் சேர்மமாக இருந்தால் இந்த அறிவுரையே உங்களைக் கவிழ்த்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

## வழி 4: நொதி

சூட்டுக்குப் பதில் புரதத்தை வெட்டும் நொதி. சேர்மம் உட்கார்ந்த புரதம் இறுகி நிற்பதால் மெதுவாக வெட்டுப்படும். டார்ட்ஸ் என்ற பெயரில் 2009ல் லாஸ் ஏஞ்சலிஸில் வந்தது. திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் இ.ஐ.எஃப்.4ஏ என்ற புரதத்தைப் பிடிப்பதை இதில்தான் காட்டினார்கள்.

ஜெல்லும் புரோனேஸ் நொதியும் இருந்தால் சின்னக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். ஆனால் நொதியின் அளவைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கொஞ்சம் கூடினால் எல்லாம் கரையும், குறைந்தால் எதுவும் வெட்டுப்படாது. ஏராளமாக உள்ள புரதம்தான் ஜெல்லில் கண்ணுக்குப் படும். ஏற்கெனவே ஒரு புரதத்தின் மேல் சந்தேகம் இருந்து, அதை உறுதிப்படுத்த என்றால் டார்ட்ஸ் அருமை. வெறுங்கையோடு தேட நான் அனுப்பமாட்டேன். அதற்கு ஜூரிச்சில் வளர்ந்த லிப் முறை இருக்கிறது. எந்தத் துண்டு மறைந்தது என்று பார்த்து, புரதத்தின் எந்த மூலையில் சேர்மம் இருக்கிறது என்பதுவரை சொல்லும். கருவித் தேவையும் அதற்கேற்பக் கூடும்.

## வழி 5: அளவு

சேர்மம் போட்டு 24 மணி நேரம் கழித்து எந்தப் புரதம் கூடியது, எது குறைந்தது என்று பார்ப்பது. எளிது, எல்லா மையத்திலும் செய்து தருவார்கள், அதனால் எல்லோரும் இதையே செய்கிறார்கள். இலக்கைத் தேடுகிறவருக்கு இது அநேகமாக வீண். வீடு எரிந்து முடிந்த பிறகு சாம்பலைக் கிளறித் தீக்குச்சியைத் தேடுவது மாதிரி. 2008ல் ஒரு குழு அதுவரை வந்த ஜெல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, எந்த நோய், எந்த மருந்து என்றாலும் ஈனோலேஸ், ஹெச்.எஸ்.பி. 27 என்று அதே முகங்களே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டது. செல் சங்கடப்பட்டால் வரும் முகங்கள் அவை.

இரண்டு இடத்தில் மட்டும் இது சரி. சேர்மம் ஒரு புரதத்தை அழிக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் நாலைந்து மணி நேரத்திலேயே பாருங்கள். குறைந்த புரதம்தான் விடை. அல்லது தெரிந்த மருந்து ஒன்று புரதங்களைக் கூட்டிக் குறைக்கும் அச்சோடு உங்கள் சேர்மத்தின் அச்சு பொருந்துகிறதா என்று ஒப்பிட.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | யாருக்கு | சேர்மம் | எழுதாத செலவு |
|---|---|---|---|
| தூண்டில் | விடாமல் பிடிப்பவை | பத்திருபது மி.கி. | வால் ஒட்டும் மாதங்கள் |
| துண்டு | சிஸ்டீனைப் பிடிப்பவை | ஓரிரு மி.கி. போதும் | செல் வளர்ப்பு, தரவு அலசும் ஆள் |
| சூடு | விட்டுப்போகிறவை | மி.கி.க்கும் கீழே | எடைக்குறி, கருவி நேரம் |
| நொதி | சந்தேகத்தை உறுதிப்படுத்த | மிகக் கொஞ்சம் | அளவு பிடிக்கும் வாரங்கள் |
| அளவு | புரதம் அழியும்போது | மிகக் கொஞ்சம் | பயனற்ற பட்டியல் |

## எந்த வழியிலும் மாட்டாதவை

இலக்கு புரதமாகவே இல்லாமல் போகலாம். குளோரோகுயின் ஒட்டுண்ணியில் பிடிப்பது ஹீமை. கொயினாவுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நெடுநாளாக நினைக்கிறார்கள். மரமஞ்சளின் பெர்பெரின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டும். மேலே சொன்ன ஐந்தும் அங்கே குருடு, ஆனாலும் ஏதாவது ஒரு பட்டியலைக் கொடுக்கத்தான் செய்யும்.

அப்புறம், முழுக் கசாயத்தையே போட்டுத் தேடலாமா என்று கேட்பவர்கள். நிலவேம்புக் குடிநீரில் மட்டும் ஒன்பது சரக்கு. சூடு முறையிலோ நொதி முறையிலோ கசாயத்தைப் போடத் தடையில்லை, ஏதோ ஒரு புரதம் நகரும். நகர்த்தியது யார் என்று தெரியாது. அதற்கு முன் டானின் இருக்கிறது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோல் பதனிடுகிறார்களே, அங்கே நடப்பது டானின் புரதத்தை இறுகப் பிடிப்பதுதான். அதே டானின் உங்கள் குழாயிலும் கிடைத்ததையெல்லாம் பிடித்து வண்டலாக்கும். டானினை நீக்காத கசாயத்தை எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள்.

## நானாக இருந்தால்

கழுவிப் பார்த்ததில் பிடி விடவில்லை, வரைபடத்திலும் கொக்கி தெரிகிறது என்றால் துண்டு முறை. அதைச் செய்து தர ஆள் கிடைக்காதபோதுதான் தூண்டில். பிடி விடுகிறது என்றால் பீசா, அதில் மேலே வரும் இரண்டு மூன்றுக்கு டார்ட்ஸ். சேர்மம் செல்லுக்குள் மாறித்தான் வேலை செய்கிறது என்று தெரிந்தால், காத்திருந்தாவது தூண்டில்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு குழாயைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள்: உங்கள் சேர்மத்தின் வேலை செய்யாத உறவுக்காரர். நிலவேம்புக்கு அலையவே வேண்டாம், கொக்கி மழுங்கிய 14-டீஆக்சி ஆண்ட்ரோகிராஃபோலைடு அதே இலையிலேயே இருக்கிறது. இரண்டிலும் வரும் புரதங்களை அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மாதிரி தயாரிக்கும்போது தலைமுடியைக் கட்டிக்கொண்டு, கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். போன வாரம் வந்த ஒரு மாதிரியில் முதலிடம் பிடித்த புரதம் கெரட்டின், அதுவும் ஆட்டினுடையது.